மயில்கழுத்துக் கார்

வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதில் திருஞானசம்பந்தத்தை மிஞ்சப் பிள்ளையார்பாளையத்தில் ஆள் கிடையாது. அதையும் கட்டிலில் படுத்த வாக்கிலேயே செய்வான். வேலூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். சைலன்சர் சத்தத்தைக் கேட்டதும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். விலை பேசலாம் என்று உள்ளே வந்து உட்கார்ந்ததும் சம்பந்தம் வாயைத் திறந்தான்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்பா. ஓடிக்கினு இருக்கச்சொல்ல இந்த வண்டி தானா நின்னுடும். ஸ்டேரிங் கல்லு மாதிரி ஆயிடும். எதனாலன்னு எனக்குத் தெரியல. நீங்க தெரிஞ்சிதான் வாங்கணும்."

அகிலா காபி டம்ளர்களோடு சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். வந்தவர்களில் ஒருவர் அவன் காலைப் பார்த்தார், பிறகு இன்னொருவர் முகத்தைப் பார்த்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போன் செய்கிறோம் என்றார்கள். அந்தப் போன் இன்னும் வரவில்லை. அடுத்து வந்த வேணுகோபால் என்பவர் அட்வான்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைக் கையோடு கொண்டும் போனார்.

சம்பந்தத்தின் வலது தொடையில் தகடு வைத்திருந்தார்கள். வைத்த இடத்தில் சீழ் பிடித்துக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்குள் இறங்கிவிட்டது, தகட்டை எடுத்துச் சுத்தம் செய்து வேறு வைக்க வேண்டும், தள்ளிக்கொண்டே போனால் காலை எடுப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றார். முதல் ஆபரேஷனுக்கே அகிலாவின் கழுத்து, காது, கை எல்லாம் மூளியாகிவிட்டன. வீடு அண்ணன் தம்பிக்குப் பொது. விற்பதற்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். தறிக்குழியில் காலை விட்டு மிதிப்பலகை மிதித்துச் சாப்பிடுகிறவனுக்குக் கால் போனால் அப்புறம் கை இருந்து என்ன?

காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது ஜப்பான் கம்பெனிக் கார். செடியா ஸ்போர்ட்ஸ் என்பார்கள். பட்டு வியாபாரி ஒருவரின் மகன் ஆசையாக வாங்கி, ஆசை தீர்ந்ததும் குடோன் ஓரத்தில் போட்டுவைத்திருந்தான். எஞ்சினுக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. தறியில் டிசைன் ஏற்றும் ஜக்கார்டு பெட்டியைக் கழற்றி மாட்டுவதில் சம்பந்தம் கைதேர்ந்தவன். அந்த வியாபாரியிடம் பெட்டி மாட்டப் போனவன் காரைப் பார்த்துவிட்டு வந்து சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கூலியே வேண்டாம், அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தான். தெருவே சிரித்தது.

சிரித்தவர்கள் பிறகு வேடிக்கை பார்த்தார்கள். தறி வேலை முடிந்த நேரமெல்லாம் காருக்கடியில் கிடந்தான். சென்னைக்குப் போய் இழுவையைக் கூட்டுகிற டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து எஞ்சினோடு சேர்த்தான். டேஷ்போர்டுக்குக் கீழே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, ஒயருக்கு ஒயர் பிணைத்தான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினான். தெருமுனை வேகத்தடையில் அதைக் குறுக்குவாட்டில்தான் ஏற்ற முடியும். கடைசியாக, அகிலாவின் கல்யாணத்துக்கு அவனே நெய்த புடவையைப் பெயின்ட் கடைக்கு எடுத்துப்போய், இந்த நிறம்தான் வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டான். ஒரு பக்கம் பார்த்தால் நீலம், மறுபக்கம் பச்சை. மயில்கழுத்து. "உன் சக்களத்திக்கு உன் புடவையே கட்டிவுட்டுட்டான்டி" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அகிலாவைக் கேலி செய்தார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தெருவில் ஓடுகிற எதற்கும் ஜரிகை முடிவார்கள். புதுத் தறியோ, சைக்கிளோ, தையல் மெஷினோ, ஒரு முழம் ஜரிகையைச் சுற்றி முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும். சம்பந்தம் இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரேஸ் வண்டி இது. இதுல ஒண்ணியும் தொங்கக் கூடாது" என்று மிளகாய், எலுமிச்சம்பழம்கூடக் கட்டவிடவில்லை. அகிலாவுக்கு மனசு கேட்குமா? கார் முதல்முதலாகத் தெருவில் இறங்கிய அன்று, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, கையை உள்ளே விட்டுக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிந்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. நாளாவட்டத்தில் அவளே மறந்துபோனாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம், சம்பந்தம் அண்ணன் தேவேந்திரனுக்கு வந்த கல்யாண ஆர்டர் சேலைகளை வந்தவாசிக்குக் கொண்டுபோனபோது, செவிலிமேடு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கார் மோதியது. பின்சீட்டில் இருந்த சேலைக்கட்டு முன்னால் வந்து விழுந்து அவன் ரத்தத்தில் ஊறியது. கல்யாண வீட்டார் சகுனம் பார்த்தார்கள். வேறு நெய்து தந்தாலும் உங்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேவேந்திரனுக்குத் தொழிலில் விழுந்த முதல் அடி அதுதான்.

அவருக்குத் தெருக்கோடியில் தறிக்கொட்டகை இருக்கிறது. அகிலா அங்கே போய் நின்றபோது அவர் பாவு நூலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காசு இல்லன்னு சொல்லல அகிலா. என் தம்பி காலு போவணும்னு எனக்கு ஆசையா? ஒரு வார்த்தை. 'வேகமாப் போனேண்ணா, தப்புதான்'னு அவன் வாயால சொல்லட்டும். இன்னிக்கே ஆஸ்பத்திரியில கட்டறேன்."

"அவரு வேகமாப் போவலன்னு சொல்றாரு மாமா."

"வண்டி தானா நின்னுச்சாம்! கத சொல்றான். தாவீது அக்கு அக்கா கழட்டிப் பாத்தானே, இன்னா சொன்னான்? ஒண்ணியும் இல்லன்னான். செய்றதையும் செஞ்சிட்டு, என்னை முட்டாளாக்கினா நான் எப்படிமா உதவி பண்றது? தெருவுல போறச்சொல்ல அவன் வுடற சத்தம் எனக்குத் தெரியாதா?"

தறிக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் தறியை நிறுத்தவில்லை, ஆனால் சத்தம் குறைந்திருந்தது. அகிலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

தாவீது சம்பந்தத்தின் சிநேகிதன். ஓரிக்கையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நொறுங்கிய முன்பக்கத்தைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தவன் அவன்தான். ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாதான் ஓடுது அண்ணி" என்று சாவியை அவள் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் கண் வேறெங்கோ பார்த்தது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் அகிலாவுக்குப் புரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அகிலாவும் புருஷனை நம்பவில்லை. வெளியில் அவனுக்காக வாயாடினாள். உள்ளுக்குள், வேகமாகத்தான் போயிருப்பான், வெட்கப்பட்டுக்கொண்டு சாதிக்கிறான் என்றே நினைத்தாள். வாங்க வருகிறவர்களிடம்கூட அந்தப் பொய்யைச் சொல்லித்தான் தீருவேன் என்கிறானே, அந்தப் பிடிவாதம் அவன் காலைத் தின்றுகொண்டிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேணுகோபால் திரும்பிப் போன அன்று அவள் கேட்டே விட்டாள். கூழில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை உரித்துத் தட்டில் போட்டபடி கேட்டாள்.

"உங்க அண்ணன் கேக்கறத சொல்லிட்டுத்தான் போயேன். வார்த்தை தானே? வாயிலேர்ந்து வரப்போவுது. காலுலேர்ந்தா வரப்போவுது?"

"போவாதத போனேன்னு எப்படி சொல்றது?"

"சும்மா சொல்லேன்! யாருக்கு நஷ்டம்?"

"அண்ணன் சேலைங்க பின்னாடி இருக்குது அகிலா. பாலம் வேற. மாட்டு வண்டி போற மாதிரிதான் போயிக்கினு இருந்தேன். பட்டுனு எல்லாம் ஆஃப் ஆயிடுச்சு. ஸ்டேரிங்க ரெண்டு கையால இழுக்கறேன், வரல. பிரேக்கு காலுல எத்துது. நான் வேகமாப் போவல."

"சரி, போவல. வாங்க வர்றவங்ககிட்ட எதுக்கு இத்த சொல்லிக்கினு இருக்கே? அவங்க தலையெழுத்து, அவங்க பாத்துக்கறாங்க."

சம்பந்தம் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "எனக்குக் காலோட போச்சு. வர்றவன் சின்னப் புள்ளையா இருந்தா?"

அகிலா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் காலிலிருந்து வரும் வாடை ஊதுபத்தியையும் மீறி அறையெல்லாம் பரவியிருந்தது. அது அவளுக்கு எந்த நேரமும் மூக்கிலேயே இருந்தது, தறியில் உட்கார்ந்தாலும் போகவில்லை.

அன்றைக்கே இன்டர்நெட்டில் போட்டிருந்த விளம்பரத்தில் அவன் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள். போட்டோவுக்குக் கீழே 'எந்தக் குறையும் இல்லை' என்று அவளே ஒரு வரி சேர்த்தாள்.

அதைப் பார்த்துத்தான் தாம்பரத்திலிருந்து சுகாசினி பேசினாள். பெண் குரலைக் கேட்டதும் அகிலாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. எஞ்சினில் என்ன மாற்றினார்கள், கிளட்ச் என்ன, டர்போ எந்த அளவு என்று அடுக்கினாள். தெரியாததற்கெல்லாம் "நேர்ல வந்து பாத்துக்கோம்மா" என்று சொல்லி, சம்பந்தம் கட்டு மாற்றப் போகும் காலையாகப் பார்த்து அகிலா வரச் சொன்னாள்.

அன்று அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டபோது, "நீ வரல?" என்று கேட்டான்.

"இன்னிக்கு தறிலேர்ந்து சேலைய அறுக்கணும். நேரம் ஆயிடும்."

"சரி, சாப்ட்டுட்டு உக்காரு" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு போகிற அந்த முதுகைப் பார்க்க அகிலாவுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆட்டோ திரும்பியதும் ஓடிப்போய்க் கார் மேலிருந்த தார்ப்பாயை இழுத்தாள்.

சுகாசினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதுகில் பை, பைக்குள் ஸ்பானர்கள். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலையாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பந்தயம் ஓட்டப் பழக ஒரு வண்டி தேடுகிறாளாம். வந்தவள் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கொதிக்கிற தெருவில் அப்படியே மல்லாந்து படுத்துக் காருக்கடியில் புகுந்துவிட்டாள். ராட்டை சுற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சூப்பரா பண்ணியிருக்காங்க அக்கா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "யாரு செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் இல்லையா? பேசணும்போல இருக்கு."

"வெளியூரு போயிருக்காரு."

சுகாசினி வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டாள். முன்பக்கத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். "அடிபட்டிருக்கே?"

"ஆமாம்மா. சின்னதா. சரி பண்ணியாச்சு."

"வேற ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா? மறைக்காம சொல்லிடுங்க அக்கா. எனக்கு இதுதான் முதல் கார்."

அகிலா கார்க் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தாள். சின்னப் புள்ளையா இருந்தா என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அவளைப் பொறுத்தவரை அது அவன் கட்டிய கதைதானே? தாவீதே பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டானே?

"ஒண்ணியும் இல்லம்மா. நல்லா ஓடும்."

ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் அகிலாவும் ஏறிக்கொண்டாள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், பாலத்துப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று மனசுக்குள் நினைத்தாள். ஆனால் அன்று வைகாசி கருட சேவை. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளையெல்லாம் கைகாட்டிச் செவிலிமேட்டுப் பக்கமே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். கத்திரி வெயிலில் டேஷ்போர்டு தொட முடியாமல் சுட்டது. சுகாசினிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கியர் மாற்ற மாற்ற அவள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.

"இழுவை எப்படி இருக்கு பாருங்க அக்கா! தங்கம்!"

புதுவீடுகள் முடிந்தன. பாலம் வந்தது. கீழே பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. அகிலா கண்ணை மூடிக்கொண்டு ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டாள். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது கார் தடக் தடக்கென்று அதிர்ந்தது. இன்னொரு தடக். அத்துடன் எஞ்சின் சத்தம் நின்றது.

ஏதோ ஒரு பெரிய வாயைப் பொத்தினாற்போல நின்றது. உருளும் சக்கரங்களின் ஓசை மட்டும் கேட்டது. "என்னாச்சு? ஐயோ, ஸ்டியரிங் வரல!" என்று சுகாசினி கத்தினாள். இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். பிரேக் காலை எதிர்த்தது. பின்னால் மணல் லாரி ஒன்று ஹார்னை அலறவிட்டுக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவர் நேராக வந்தது. அகிலா எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுகாசினி பக்கமாகத் தள்ளினாள். தறியில் பலகை அடித்துக் காய்ப்பேறிய கை. எப்படியோ கார் திரும்பி, சுவரை ஒட்டி உரசிக்கொண்டே போய் நின்றது. லாரிக்காரர் ஒதுங்கிப் போகும்போது இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே சுவரில் புதிதாகப் பூசிய சிமென்ட் தெரிந்தது. அவன் மோதிய அதே இடம். இங்கேதான் அவன் கால் மடங்கிக் கிடந்தது.

"அவரு சொன்னது நெசம்" என்றாள் அகிலா. தனக்குத்தானே சொன்னதுபோலத்தான் சொன்னாள்.

சுகாசினி மெதுவாகத் திரும்பினாள். "யாரு? என்ன சொன்னாரு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? அகிலா எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் காலை, சீழை, டாக்டர் சொன்னதை, வந்தவர்கள் போனதை. "வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவாரும்மா, ஓடச்சொல்ல நின்னுடும்னு. அதான் அவரு இல்லாத நேரமா உன்ன வரச் சொன்னேன். அவரு பொய் சொல்றார்னு நெனச்சேன். சத்தியமா, பொய்யின்னுதான் நெனச்சேன்."

"நான் செத்திருப்பேன் அக்கா."

"ஆமாம்மா."

"நீங்களும்தான்."

"நான் போனா போயிருக்கட்டும்" என்று அகிலா தலையில் அடித்துக்கொண்டாள். உரத்து அழுதாள். பாலத்தில் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று, என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சுகாசினி இறங்கிக் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்து நின்றாள். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவாள் என்றுதான் அகிலா நினைத்தாள். ஆனால் அவள் திரும்பி வந்து கதவைத் திறந்து, மிதியடிப் பக்கம் தலையை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் டேஷ்போர்டின் அடிவயிற்றைத் துழாவ ஆரம்பித்தாள்.

"இந்த ஜாயின்ட்ல ஈயம் வெச்சு சால்டர் பண்ணல. டேப் மட்டும் சுத்தியிருக்காங்க. சூட்டுல பசை இளகி நழுவியிருக்கு. ஆனா இது மட்டும்னா நிக்காதே... இது என்ன? யாரோ கம்பி கட்டியிருக்காங்க. தங்கக் கலர்ல."

அகிலாவின் அழுகை சட்டென்று நின்றது.

"ஒயர்க்கட்டையும் பக்கத்துல இருக்கிற இரும்புப் பட்டையையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கு. சென்சார் ஒயர் இதுல பட்டா போதும், சிக்னல் பாடில இறங்கிடும். எஞ்சின் ஆஃப். வண்டி குலுங்கும்போது தொடுது, நின்னதும் விலகிடுது. அதான் எந்த மெக்கானிக்குக்கும் சிக்கல." சின்ன கத்தரியால் வெட்டி, இழுத்து வெளியே எடுத்து நீட்டினாள். "என்ன அக்கா இது?"

வெயிலில் அது மின்னியது. அகிலா கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஜரிகை."

"நூல்தானே அது? நூல் எப்படி..."

"அசல் ஜரிகைம்மா. பட்டு நூல் மேல வெள்ளிய சுத்தி, தங்க முலாம் போட்டது. என் கல்யாணப் பொடவைல மிஞ்சினது. நான்தான் கட்டினேன். அவருக்கு ஒண்ணியும் ஆவக்கூடாதுன்னு கட்டினேன்."

சுகாசினி கத்தரியைப் பையில் போட்டாள். பிறகு, சின்ன வயசுக்காரிதானே, மனசில் பட்டதைச் சொல்லிவிட்டாள். "இப்ப பிளாஸ்டிக் ஜரிகை வருதே அக்கா. அதைக் கட்டியிருந்தா கரண்ட் பாஞ்சிருக்காது."

வீட்டுப்பெட்டியில் பிளாஸ்டிக் ஜரிகையும் இருந்தது. அன்றைக்கு அதைத்தான் முதலில் எடுத்தாள். புருஷன் உயிருக்குக் கட்டுவதில் போலியா என்று வைத்துவிட்டு, அடியில் துணி சுற்றி வைத்திருந்த அசலைத் தேடி எடுத்தாள். அந்த நிமிடம் அவளுக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள்.

சுகாசினி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஜாயின்ட்டில் புது டேப் சுற்றினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல உறுமியது.

"வண்டி எனக்கு வேணும் அக்கா. ஆனா உங்ககிட்ட வாங்க மாட்டேன். வீட்டுக்குப் போகலாம். அண்ணன்கிட்ட வாங்கிக்கறேன்."

திரும்பும் வழியில் அகிலா கையை இறுக மூடியே வைத்திருந்தாள். ஜரிகை உள்ளங்கையில் அழுந்திக் கோடு போட்டிருந்தது.

சம்பந்தம் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டான். வாசல் நாற்காலியில் காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். கார் தெருமுனை வேகத்தடையில் குறுக்காக ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பக்கக் கதவு புதிதாக உரசியிருப்பதைப் பார்த்ததும் வாடியது. அகிலா இறங்கியதை அதற்குப் பிறகுதான் பார்த்தான்.

"அண்ணா, நான் வண்டி வாங்க வந்திருக்கேன்" என்றாள் சுகாசினி. "இதுல ஏதாவது குறை இருக்கா?"

அவன் அகிலாவை ஒருமுறை பார்த்தான். அவள் தனக்குத் தெரியாமல் செய்ததெல்லாம் அந்தப் பார்வையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னான்.

"ஓடிக்கினு இருக்கச்சொல்ல தானா நின்னுடும்மா. ஸ்டேரிங் கல்லு ஆயிடும். எதனாலன்னு எனக்குத் தெரியல. இவ சொல்லியிருக்க மாட்டா, காலுக்காகப் படபடன்னு இருக்கறா. தப்பா எடுத்துக்காத. நீ வேற வண்டி பாரு, சின்னப் பொண்ணு."

சுகாசினிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையே எடுத்துக்கறேண்ணா. விளம்பரத்துல இருக்கற விலைக்கே" என்றாள். பணத்தை அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, செல்போனோடு தெரு ஓரத்துக்குப் போனாள்.

அகிலா அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கையைத் திறந்து காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். ஒரு வரியாகத்தான் சொல்ல முடிந்தது. அவன் ஜரிகையை வாங்கி, பழக்கதோஷத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். தங்கத்துக்கடியில் வெள்ளி தெரிந்தது. முடிச்சைத் திருப்பினான். அகிலாவுக்கு இடதுகைப் பழக்கம். அவள் போடும் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

"உன் முடிச்சுதான்" என்றான்.

"திட்டேன். ஒரு வார்த்தை திட்டிடு. இல்லன்னா அடிச்சிடு."

அவன் திட்டவில்லை. ஜரிகையையே பார்த்துக்கொண்டு, "நான் வேகமாப் போவல அகிலா" என்றான். பங்குனியிலிருந்து எல்லாரிடமும் சொல்லி, யாரிடமும் எடுபடாத அதே வார்த்தை.

"போவல. நீ வேகமாப் போவல."

அதைக் கேட்டதும் அவன் அழுதான். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அழாதவன், தெருவில் எல்லாரும் பார்க்க, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அவன் பட்ட வலியில் பாதி காலில் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் முட்டியைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

கொஞ்சம் ஆறியதும் அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இத்த யார்கிட்டயும் சொல்லாத. அண்ணன் சேலைங்க போனதுக்கு உன்னைத்தான் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. புருஷன் காலை எடுத்தவள்னு தெரு பேசும். ஜரிகைய நான்தான் கட்டினேன்னு சொல்லிடறேன். என் வண்டி, நான் கட்டினேன். அவ்ளோதான்."

அகிலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். காலே போகிறது, அண்ணனிடம் ஒரு பொய் சொல் என்று எத்தனை கெஞ்சியும் அசையாத மனுஷன். இப்போது அவளுக்காக, யாரும் கேட்காமலே, பொய் சொல்லத் தயாராக இருக்கிறான். அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அவன் கையிலிருந்த ஜரிகையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க போறே? அகிலா! ஏ அகிலா!"

அவன் கூப்பிடக் கூப்பிட அவள் நடந்தாள். செருப்புகூடப் போடவில்லை. தெருக்கோடிக் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தேவேந்திரன் நிமிர்ந்து, "இன்னா, சொல்லிட்டானா?" என்று கேட்டார்.

"தறிங்கள நிறுத்தச் சொல்லுங்க மாமா" என்றாள். "எல்லாருக்கும் கேக்கணும்."